அனந்தபுரியில் தமிழ் மாணாக்கர்

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ் மக்களுக்கு, மொழி வேறுபட்ட நகரத்தில் முதலாண்டைக் கழிப்பது எத்தகையது என்பதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. தங்குவதற்கு இடம் தேடுதல், வாய்க்குப் பழகாத உணவை உண்ணுதல், கடைக்காரரோடு கையால் பேசுதல், ஊரிலிருந்து வரும் கடிதத்தை எதிர்நோக்கியிருத்தல் ஆகியவை எல்லார்க்கும் பொது. ஆயினும் தமிழர் கல்வி நாடிச் சென்ற அயல்நகரங்களுள் ஒன்று மட்டும் தனித்து நிற்கிறது. அது தொலைவிலும் இல்லை. முற்றும் அயலாகவும் இல்லை. பாதி தெரிந்தது, பாதி தெரியாதது. அனந்தபுரி என்று அடியார் போற்றிய திருவனந்தபுரமே அந்நகரம். அங்குப் பயிலச் சென்ற தமிழ் மாணாக்கரின் வரலாற்றை ஈண்டுச் சிறிது காண்போம்.

அவ்வரலாறு ஆங்கிலக் கல்வியோடு தொடங்கியதன்று. கி.பி. 866-ஆம் ஆண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன், முஞ்சிறைச் சபையாரிடமிருந்து நிலத்தை மாற்றிப் பெற்றுத் திருமாலுக்குக் கோயில் எடுத்தான். அவ்வூருக்குப் பார்த்திவசேகரபுரம் என்று பெயரிட்டான். கோயிலோடு கல்விச்சாலை ஒன்றையும் நிறுவினான். இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் பார்த்திவபுரம் என வழங்குவது இவ்வூரே. தொண்ணூற்றைந்து மாணாக்கருக்கு இடமும் உணவும் அளிக்க வேண்டும் என்று அவனது செப்பேடு விதிக்கிறது. வேதப் பிரிவுகளுக்கு ஏற்ப நாற்பத்தைந்து, முப்பத்தாறு, பதினான்கு என இடங்களும் பகுக்கப்பட்டன. இச்சாலைக்கு முன்மாதிரியாகச் செப்பேடு குறிப்பது காந்தளூர்ச் சாலையை. அக்காந்தளூர்ச் சாலையோ திருவனந்தபுரத்தின் வலியசாலைப் பகுதியில் இருந்தது என்பது ஆய்வாளர் பலர் கொண்ட முடிபு.

இச்செப்பேட்டின் சுவையான பகுதி மாணாக்கர் விடுதிக்கு அது வகுக்கும் ஒழுங்கு. ஒருவரையொருவர் வைதால் தண்டம் உண்டு. படைக்கலங்களை எடுத்துப் பூசலிடலாகாது. பணிப்பெண்டிரை மடத்தில் வைத்துக்கொள்ளலாகாது. விதி எழுதப்படுவது குற்றம் நிகழ்ந்த பின்னரே என்பதை விடுதிக் காப்பாளராக இருந்தவர் அறிவர். ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னும் வீட்டை விட்டுப் பிரிந்து வந்த இளைஞர், வீட்டை விட்டுப் பிரிந்து வந்த இளைஞராகவே இருந்தனர் போலும்!

பின்னாளில் முதலாம் இராசராசன் காந்தளூர்ச் சாலையில் கலமறுத்தான் என்று அவனுடைய மெய்க்கீர்த்தி பேசுகிறது. கலம் என்பது மரக்கலமா, மாணவர் உண்ட உண்கலமா என்ற வழக்கு வரலாற்றறிஞரிடையே நெடுநாள் நடந்தது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இதைப்பற்றித் தனி நூலே எழுதினார். போரில் வென்றவன் கப்பலை உடைத்தான் என்பதைக் காட்டிலும், சாலையின் உணவு முறையில் கை வைத்தான் என்பது நமக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. இவ்வழக்கில் இறுதித் தீர்ப்பு இன்னும் வரவில்லை.

இச்சாலைகள் எல்லார்க்கும் திறந்திருந்தன என்று எவரும் எண்ணிவிடலாகாது. வேதம் பயிலும் ஒரு வகுப்பாருக்கே அவை உரியவையாக இருந்தன. இந்தக் கதவு பற்றிய செய்தி பின்னரும் வரும்.

இனிப் பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு வருவோம். சுவாதித் திருநாள் மகாராஜா 1834-இல் திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பள்ளி ஒன்றைத் தோற்றுவித்தார். அதன் ஆசிரியராக வந்தவர், நாகர்கோவிலில் பள்ளி நடத்திக்கொண்டிருந்த ராபர்ட்ஸ் என்னும் ஆங்கிலேயர். தலைநகரின் புதுக் கல்வி தென்கோடித் தமிழ்ப் பகுதியிலிருந்து சென்றது என்பது நினைவிற்கொள்ளத் தக்கது. கும்பகோணத்தில் பிறந்த சர் டி. மாதவராவ் திவானாக இருந்தபோது, 1866-இல், அப்பள்ளி மகாராஜா கல்லூரியாக உயர்ந்தது. இன்று யுனிவர்சிட்டி கல்லூரி என்று பாளையம் பகுதியில் செங்கல் நிறத்தோடு நிற்பது அதுவே. திருவிதாங்கூருக்கெனப் பல்கலைக்கழகம் 1937-இல் வரும்வரை அக்கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தது. ஆகவே அனந்தபுரியில் பாடம் கேட்ட மாணவன் பட்டம் பெற்றது சென்னையின் பெயரால்.

அம்மாணவர் யாவர்? ஒரு சாரார் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு என்னும் தென்வட்டங்களிலிருந்து சென்ற தமிழர். அவர்களுக்குத் திருவனந்தபுரம் சொந்த அரசின் தலைநகரம். மற்றொரு சாரார் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால், திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர். அவர்களுக்கு அது வேற்று நாடு. ‘வேற்று நாடு’ என்பது அணியாகச் சொன்னதன்று. கணவாயில் சுங்கச் சாவடி இருந்தது. கணவாயைக் கடந்தால் நாணயம் மாறும். பதினாறு காசு ஒரு சக்கரம். நான்கு சக்கரம் ஒரு பணம். ஏழு பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். ஆங்கில ரூபாய்க்கோ இருபத்தெட்டரைச் சக்கரம் கொடுக்க வேண்டும். அரைச் சக்கரத்துக்காகக் கணக்குப் போட்ட மாணவனின் தலைவலியை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

கடிதப் போக்குவரத்தும் தனி. திருவிதாங்கூர் அரசுக்குச் சொந்தமான அஞ்சல் என்னும் தபால் முறை இருந்தது. சலங்கை கட்டிய கோலுடன் அஞ்சற்காரன் ஓடிவருவான். வழியில் நிற்பவர் விலகி இடம் விட வேண்டும். 1888-இல் சங்கு முத்திரை பொறித்த தலைகள் வெளிவந்தன. நாகர்கோவில் மாணவன் வீட்டுக்கு அஞ்சலில் எழுதினான். பாளையங்கோட்டை மாணவன் ஆங்கில அரசின் தபால் நிலையத்தைத் தேடிப் போனான். 1951-இல் அந்த அஞ்சல் இந்தியத் தபால் துறையோடு கலந்துவிட்டது. ஆனால் அச்சொல் மறையவில்லை. இன்று தமிழகமெங்கும் தபாலுக்கு நாம் வழங்கும் தமிழ்ச்சொல் அதுவே.

வழியோ நீண்டது. நாகர்கோவிலிலிருந்து தக்கலை, களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், கரமனை என ஏறத்தாழ நாற்பது கல் தொலைவு வில்வண்டியில் இரவெல்லாம் செல்ல வேண்டும். செங்கோட்டைக் கணவாய் வழியாகக் கொல்லத்துக்கு இருப்புப்பாதை 1904-இல் திறக்கப்பட்டது. கொல்லத்திலிருந்து திருவனந்தபுரத்தின் சாக்கைக்கு வண்டி வந்தது 1918-இல். நகர நடுவிலுள்ள தம்பானூருக்கு 1931-இல். நெல்லை மாணவன் மேற்கே சென்று சுற்றி வந்தேனும் இரயிலில் ஏறிவிட்டான். நாகர்கோவில் மாணவனுக்கு அந்த வாய்ப்பு 1979 வரை இல்லை. அதற்குள் அவன் பேரன் கல்லூரியில் சேர்ந்துவிட்டான்.

இப்படி வந்தவருள் முதலில் நினைக்கத் தக்கவர் பெ. சுந்தரம் பிள்ளை. அவர் வந்தது தெற்கிலிருந்து அன்று, வடக்கிலிருந்து. மதுரைப் பக்கத்திலிருந்து வணிகத்தின் பொருட்டு ஆலப்புழையில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தில் 1855-இல் பிறந்தவர். தந்தையார் பெருமாள் பிள்ளை. தாயார் மாடத்தி அம்மாள். மகாராஜா கல்லூரியில் பயின்று 1876-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு திருநெல்வேலிக்குச் சென்று, பின்னாளில் இந்துக் கல்லூரியாக வளர்ந்த பள்ளியின் தலைமையேற்றார். அங்கேயே தங்கியிருக்கலாம், தமிழ் வழங்கும் ஊர், மதிப்புள்ள பதவி. ஆயினும் இரண்டாண்டில் திருவனந்தபுரத்துக்கே திரும்பினார். அவரை மீண்டும் அழைத்தவர் தத்துவப் பேராசிரியர் ஹார்வி. 1880-இல் எம்.ஏ. தேறினார். சில காலம் அரசின் வருவாய்த் துறையில் சிரஸ்தாராக இருந்தார். ஹார்வி ஓய்வு பெற்றுத் தாயகம் சென்ற பின், 1885-இல் அவருடைய நாற்காலியிலேயே தத்துவப் பேராசிரியராக அமர்ந்தார்.

மாணவனாக வந்தவன் ஓர் ஊரில் ஊன்றினான் என்று எப்போது சொல்லலாம்? வேலை கிடைத்தபோதா? வீடு கட்டியபோதா? சுந்தரனாரிடம் இரண்டும் நிகழ்ந்தன. பேரூர்க்கடையில் வீடு கட்டித் தம் ஆசிரியர் பெயரால் ‘ஹார்விபுரம்’ என்று அழைத்தார். ஆயினும் அவர் உண்மையாக ஊன்றியது வேறு இரு செயல்களில் என்பது நம் கருத்து. ஒன்று, 1885-இல் நண்பரோடு சேர்ந்து திருவனந்தபுரத்தில் சைவப் பிரகாச சபையைத் தொடங்கியது. அயலூரில் தம் மொழி பேசுவோர் கூடுவதற்கு ஓரிடம் வேண்டும் என்பதை இவ்வுரையைப் படிப்போர் அறிவர். மற்றொன்று, அவ்வூரின் பழமையைத் தம் பழமையாகவே எண்ணி ஆராய்ந்தது. கோயில் கோயிலாகச் சென்று கல்வெட்டுகளைப் படியெடுத்தார்; திருவிதாங்கூரின் பண்டை மன்னர் காலத்தை நிறுவி 1894-இல் ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டார். அரச மரபின் வரிசையை அவ்வரசின் குடிகளுக்கே எடுத்துக்காட்டியவர் ஆலப்புழைத் தமிழ் வணிகரின் மகன்!

அவருடைய நாடகமாகிய மனோன்மணீயம் 1891-இல் வெளிவந்தது. அதன் தொடக்கத்திலுள்ள தமிழ்த்தெய்வ வணக்கத்தின் ஒரு பகுதியை 1970-இல் தமிழக அரசு தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது. 2021-இல் அது மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டது. தமிழகத்தின் ஒவ்வொரு பள்ளியிலும் ஒலிக்கும் அப்பாடல், மலையாளம் வழங்கும் நகரத்தில் வாழ்ந்தவர் எழுதியது. கன்னடம், தெலுங்கு, மலையாளம், துளு ஆகியவற்றைத் தமிழின் வயிற்றுப் பிறப்புகளாகக் கூறும் அடிகள் அரசு ஏற்ற வடிவில் விடப்பட்டன. அண்டை மொழிகளைப் பற்றி அவர் கொண்ட கருத்தை இன்றைய மொழியியலார் ஒப்புவதில்லை. எனினும் நாள்தோறும் மலையாளம் கேட்டு வாழ்ந்த தமிழர்க்கு அவ்வுறவு எவ்வளவு அணுக்கமாகத் தோன்றியது என்பதற்கு அவ்வடிகள் சான்று. 1897-இல், நாற்பத்திரண்டு அகவையில் அவர் மறைந்தார்.

இவ்வளவும் வந்தவர் பெருமை. வந்தவரை ஏற்றவரின் மனத்தையும் நாம் காண வேண்டும். கல்லூரிப் படிப்பு அரசுப் பதவிக்கு வாயிலாயிற்று. உயர்பதவிகளில் சோழநாட்டிலிருந்தும் பிற தமிழ்ப் பகுதிகளிலிருந்தும் வந்த பிராமணர் நிறைந்திருந்தனர். 1891-இல் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்ட விண்ணப்பம் ஒன்று மகாராஜாவிடம் அளிக்கப்பட்டது. மலையாளி மெமோரியல் என்று வரலாற்றில் பெயர்பெற்றது இதுவே. நாட்டு மக்கள் படித்துவிட்டு நிற்க, பரதேசிகள் பதவி பெறுவது முறையோ என்பது அதன் முறையீடு. அதில் நேர்மை இல்லை என்று நாம் சொல்ல இயலாது. அயலூரில் வாழும் தமிழர் இன்றும் இத்தகைய குரலைக் கேட்கக் கூடும். அதைக் கேட்கும்போது, இக்குரலை முதலில் எழுப்பியவர்க்கு அவர் ஊரிலேயே வாயில் அடைக்கப்பட்டிருந்தது என்பதையும் எண்ணுதல் நலம்.

விண்ணப்பத்தின் முன்னணியில் நின்ற ஜி. பரமேசுவரன் பிள்ளையை எடுத்துக்கொள்வோம். திருவனந்தபுரத்தில் மாணவராக இருந்தபோதே திவானின் ஆட்சியைக் கண்டித்து எழுதியதற்காகக் கல்லூரியிலிருந்து விலக்கப்பட்டார். அவர் சென்ற இடம் சென்னை. அங்குப் பயின்று, ‘மதராஸ் ஸ்டாண்டர்டு’ இதழின் ஆசிரியராகி, காந்தியடிகளின் தன்வரலாற்றிலும் இடம் பெற்றார். அவரோடு நின்ற டாக்டர் பல்ப்புவின் கதை இதனினும் கடுமையானது. 1863-இல் திருவனந்தபுரத்திலேயே பிறந்தவர், ஈழவர். சாதியின் காரணமாகத் தம் நாட்டில் மருத்துவக் கல்வி கிட்டவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொண்டது. பட்டத்தோடு திரும்பியவருக்கு வேலையும் கிட்டவில்லை. மைசூர் அரசில் பணியேற்றார். பிறந்த நகரமே ஒருவனுக்கு அயல்நகரமாக இருக்கலாம். நெல்லையிலிருந்து வந்த மேற்குல மாணவனுக்கு ஊட்டுப்புரையில் இலை விரித்த அந்நகரம், தன் மடியில் பிறந்த மகனைச் சென்னைக்கு அனுப்பிற்று.

மீண்டும் தமிழ் மாணாக்கரிடம் வருவோம். ச. வையாபுரிப் பிள்ளை 1891-இல் நெல்லைச் சீமையில் பிறந்தவர். சென்னையில் பி.ஏ. முடித்தபின் சட்டம் பயிலத் திருவனந்தபுரம் வந்தார். தேறியபின் ஏழாண்டு அங்கேயே வழக்குரைஞராக இருந்தார். அங்குத்தான் கவிமணியின் நட்பு வாய்த்தது. கவிமணி தேரூரில் பிறந்தவர். பள்ளியில் கற்றது மலையாளம். தமிழைத் தனியாக ஒரு மடத்தில் சாந்தலிங்கத் தம்பிரானிடம் கற்க நேர்ந்தது. திருவனந்தபுரத்தில் மகளிர் கல்லூரியில் தமிழ் கற்பித்து 1931-இல் ஓய்வு பெற்றார். தாய்மொழியைப் பள்ளிக்கு வெளியே தேடியவர் தலைநகரில் அதனையே கற்பிக்கலானார். வையாபுரிப் பிள்ளை 1922-இல் மனோன்மணீயத்தைப் பதிப்பித்தார்; 1926-இல் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியராகச் சென்னைக்குச் சென்றார்; 1951-இல் தமிழ்ப் பேராசிரியராக மீண்டும் திருவனந்தபுரத்துக்கே வந்தார். சட்டம் படிக்க வந்தவரைத் தமிழறிஞராக்கி அனுப்பியதில் அந்நகரத்துக்கும் பங்குண்டு.

மொழியைப் பற்றி ஒரு சொல். முற்றும் தெரியாத மொழியை வந்த நாள் முதல் கற்கத் தொடங்குகிறோம். பாதி தெரிந்த மொழி நம்மை ஏமாற்றும். மலையாளத்தில் ‘வெள்ளம்’ என்றால் குடிக்கும் நீர்; ‘பனி’ என்றால் காய்ச்சல்; ‘சம்சாரம்’ என்றால் பேச்சு. தண்ணீர் கேட்டவனுக்கு வெள்ளம் வேண்டுமா என்றும், இருமியவனிடம் பனியா என்றும் வினவினால் புதியவன் விழிக்காமல் என்ன செய்வான்? உணவிலும் அப்படியே. சிவந்த புழுங்கலரிசியும் தேங்காயெண்ணெயும் நாஞ்சில் நாட்டானுக்கு வீட்டுச் சாப்பாடு; தாமிரபரணிக் கரையிலிருந்து வந்தவனுக்குச் சில மாதம் பிடிக்கும். பதிமுகம் இட்டுக் காய்ச்சிய இளஞ்சிவப்பு நீரைக் கண்டு தயங்காதவர் குறைவு. இத்துன்பங்களுக்கு மருந்து சாலைக் கடைத்தெருவில் இருந்தது. ராஜா கேசவதாசன் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் நிறுவிய அச்சந்தையில் தமிழ் வணிகர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தனர். அத்தெருவின் வாழ்வைக் கதைகளாக எழுதிய ஆ. மாதவன் அங்கேயே கடை வைத்திருந்தவர். 2015-இல் சாகித்திய அகாதமிப் பரிசு பெற்றார்.

திருவனந்தபுரத்துத் தமிழிளைஞன் கடல் கடந்ததும் உண்டு. நாஞ்சில் தமிழ்க் குடும்பத்தில் 1891-இல் அந்நகரில் பிறந்த செண்பகராமன் பிள்ளை, மகாராஜா பள்ளியில் பயிலும்போதே, ஸ்ட்ரிக்லண்டு என்னும் ஆங்கில உயிரியலாரின் துணையால் ஐரோப்பா சென்றார். சூரிச்சு நகரில் பொறியியல் பயின்றார். 1914-இல் அங்கிருந்தே இந்திய விடுதலைக்குக் குரல் கொடுத்தார். பின்னர்ப் பெர்லின் சென்று, 1934-இல் அங்கேயே உயிர் நீத்தார். அவரைச் சூழ்ந்த கதைகள் பல. அவற்றுள் எம்டன் கப்பலைப் பற்றியது சான்றுக்கு நிற்பதன்று. கதைகளை விட்டாலும் பதினேழு வயதில் புறப்பட்ட மாணவன் உயிரோடு வீடு திரும்பவில்லை என்பது எஞ்சுகிறது.

1937-இல் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் தோன்றியது. வள்ளல் அழகப்பச் செட்டியாரின் கொடையால் அதில் தமிழ்த்துறை எழுந்தது. வையாபுரிப் பிள்ளைக்குப் பின் அத்துறையை வளர்த்தவர் நாகர்கோவில் வடசேரியைச் சேர்ந்த வ. ஐ. சுப்பிரமணியம். அவர் 1963-இல் மொழியியல் துறையையும் தொடங்கினார். 1981-இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானார்.

இடையில் எல்லை மாறியது. தென்வட்டத் தமிழர் தாய்த் தமிழகத்தோடு இணைய வேண்டும் என்று போராடினர். அவர்களை வழிநடத்திய மார்ஷல் நேசமணி, திருவனந்தபுரத்தில் பட்டமும் சட்டமும் பயின்றவர். 1954 ஆகஸ்டு 11-ஆம் நாள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் போராட்டக்காரர் பலர் மாண்டனர். அப்போது ஆட்சியிலிருந்த பட்டம் தாணுப்பிள்ளை அமைச்சரவையில் நிதியமைச்சர் பி. எஸ். நடராஜ பிள்ளை; அவர் சுந்தரனாரின் திருமகனார். தமிழ்த்தெய்வத்தை வணங்கியவரின் மகன், தமிழர்மேல் சுட்ட அரசில் அமர்ந்திருந்தார். இதனைக் குற்றச்சாட்டாக நாம் கூறவில்லை. தந்தை ஊன்றிய ஊர் மகனுக்குச் சொந்த ஊராகிவிட்டது. சொந்த ஊரின் அரசியலில் அவர் நின்றார். 1962-இல் திருவனந்தபுரம் மக்கள் அவரையே நாடாளுமன்றத்துக்கு அனுப்பினர். குடியேறிய தமிழர் பலர் வீட்டில் மூன்றாம் தலைமுறையில் எழும் வினா இவ்வீட்டில் இரண்டாம் தலைமுறையிலேயே எழுந்தது.

1956 நவம்பர் முதல் நாள் நான்கு தென்வட்டங்களும் கன்னியாகுமரி மாவட்டமாகிச் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நேற்றுவரை தலைநகரில் படித்த நாகர்கோவில் மாணவன் இன்று வெளிமாநில மாணவன் ஆனான். ஊர் நகரவில்லை, வழியும் அதே வழி, களியக்காவிளையில் கோடு ஒன்று விழுந்தது. அடுத்த ஆண்டு திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் கேரளப் பல்கலைக்கழகம் என்று பெயர் மாறியது. குமரி மாவட்டக் கல்லூரிகள் முதலில் சென்னையோடும் பின்னர் மதுரையோடும் இணைந்தன. 1990-இல் திருநெல்வேலியில் புதிய பல்கலைக்கழகம் ஒன்று தோன்றவே, அதனைச் சேர்ந்தன. அதன் பெயர் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம். ஆக, திருவனந்தபுரத்தில் பயின்று திருவனந்தபுரத்திலேயே மறைந்தவர் பெயரால் இன்று நாகர்கோவில் மாணவர் பட்டம் பெறுகின்றனர். ஹார்விபுரம் இருந்த பேரூர்க்கடையில் அவர் மகன் பெயரால் அரசுப் பள்ளி ஒன்று நடக்கிறது. அங்குப் பயிலும் சிறுவர் பெரும்பாலும் மலையாளம் பேசும் இல்லங்களிலிருந்து வருபவர்.